பழைய தபால் அட்டைகள்: படத்தைப் பார்த்தாயிற்று, பின்பக்கம் எங்கே?

கரிசல்_கார்டு (கோவில்பட்டி)

நண்பர்களுக்கு வணக்கம்.

சில வாரங்களாக இங்கே பழைய சென்னைப் படங்களைப் பலரும் ஏற்றி வருகிறீர்கள். பார்க்கப் பார்க்கத் திகட்டவில்லை. அவற்றில் பெரும்பாலானவை தபால் அட்டைகள். ஹிக்கின்பாதம்ஸ் வெளியிட்டவை இருக்கின்றன, வீலே அண்டு கிளைன் ஸ்டூடியோக்காரர்கள் எடுத்தவை இருக்கின்றன. ஆனால் எல்லோரும் படமுள்ள பக்கத்தை மட்டும் போடுகிறீர்கள். மறுபக்கத்தை யாருமே காட்டுவதில்லை.

அட்டை என்பது படம் மட்டும் அல்ல. ஒருவர் அதைக் காசு கொடுத்து வாங்கி, நாலு வரி எழுதி, தபால்தலை ஒட்டி, பெட்டியில் போட்டிருக்கிறார். அந்தக் காலத்து அன்றாட வாழ்க்கைக்கு இந்த அட்டைகள்தான் சாட்சி. அந்த நாலு வரியும் முத்திரையும் போய்விட்டால் மிஞ்சுவது வெறும் காட்சிதான். வியாபாரிகள் சிலர் தபால்தலையைத் தனியே விற்பதற்காகத் தண்ணீரில் ஊறவைத்து உரித்துவிடுகிறார்கள். மையும் கரைந்து, எழுத்தும் போய், நம் கைக்கு வரும்போது அது பாதி அட்டை. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

என்னிடம் உள்ள ஒன்றின் இரண்டு பக்கத்தையும் கீழே இணைத்திருக்கிறேன். முன்பக்கம் மவுண்ட் ரோடு. டிராம் தண்டவாளம், அதன் மேலே கம்பி, ஓரமாக ஒரு ஜட்கா, மரநிழலில் அவிழ்த்துவிட்ட மாட்டுவண்டி, நடுவே பீடத்தின் மேல் ஒரு வெள்ளைக்காரச் சிலை. ஒரு கட்டடத்தின் மேல் மையால் பெருக்கல் குறி போட்டிருக்கிறது. பின்பக்கம் நடுவே கோடு கிழித்து, இடது பாதியில் செய்தி, வலது பாதியில் இங்கிலாந்து விலாசம். எட்வர்ட் மன்னர் தலை போட்ட சிவப்பு ஒரு அணா ஸ்டாம்ப். குறி போட்ட கடையில்தான் தொப்பி வாங்கியதாகவும், வெயில் தாங்கவில்லை என்றும் ஒரு மகன் தாய்க்கு எழுதியிருக்கிறான். முத்திரையில் வருடம் விழவில்லை. எந்த ஆண்டு என்று யாராவது சொல்ல முடியுமா?

---

மவுண்ட்ரோடு_வாசி (சென்னை)

அண்ணா, வருடத்தை நெருங்கிவிடலாம்.

பீடத்தின் மேல் நிற்பவர் ஜெனரல் நீல். 1857 கிளர்ச்சியைக் கொடூரமாக அடக்கியவர். ஸ்பென்சர் கடைக்கு எதிரே நின்ற இந்தச் சிலையை அகற்றச் சொல்லி 1927இல் சத்தியாக்கிரகம் நடந்தது. தொண்டர்கள் சிறைக்குப் போனார்கள். 1937இல் ராஜாஜி அமைச்சரவை வந்த பிறகே அது தெருவை விட்டுப் போனது. ஆகவே படம் 1937க்கு முன்னால். டிராம் ஓட ஆரம்பித்தது 1895இல், எனவே அதற்குப் பின்னால்.

இனி பின்பக்கம். ஆரம்பத்தில் பின்பக்கம் முழுவதும் விலாசத்துக்கே. செய்தி எழுத வேண்டுமானால் படத்தின் ஓரத்தில் நெருக்கித்தான் எழுத வேண்டும். நடுக்கோடு போட்டுப் பாதியில் செய்தி எழுத பிரிட்டனில் 1902இல் அனுமதித்தார்கள், மற்ற நாடுகள் அடுத்த சில ஆண்டுகளில் பின்தொடர்ந்தன. அமெரிக்காவில் 1907இல்தான் வந்தது. எட்வர்ட் இறந்தது 1910இல், ஜார்ஜ் தலை போட்ட ஸ்டாம்ப் இங்கே புழக்கத்துக்கு வந்தது 1911 கடைசியில். ஆகவே உங்கள் அட்டை பெரும்பாலும் 1905க்கும் 1912க்கும் இடையில் போனது.

முன்பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு 1895 முதல் 1937 வரை என்று நாற்பது வருடத்துக்குத் தடவியிருப்போம். பின்பக்கம் அதை ஏழெட்டு ஆண்டாகச் சுருக்கிவிட்டது. நீங்கள் கேட்பது முற்றிலும் நியாயம்.

---

நெய்தல்நிலா (தூத்துக்குடி)

எல்லோரும் மகிழ்ச்சியாகப் பேசுகிறீர்கள், எனக்கு இந்த அட்டைகளைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. இவற்றை அன்றாட வாழ்க்கையின் சாட்சி என்று சொல்வதை நான் ஏற்கவில்லை.

யாருக்காக அச்சடித்தார்கள் என்று பாருங்கள். கடல் கடந்து வீட்டுக்கு அனுப்ப வெள்ளைக்காரர்கள் வாங்கினார்கள். அவர்களுக்குப் பிடித்ததையே எடுத்தார்கள்: பாம்பாட்டி, சாமியார், வண்ணார், நாவிதர், பனையேறி, நாட்டியப் பெண். கீழே சாதியும் தொழிலும் இருக்கும், பெயர் ஒன்றில்கூட இருக்காது. பனையேறியை ஸ்டூடியோவுக்குள் கூட்டிவந்து, தோட்டமும் தூணும் எழுதிய திரைக்கு முன்னால் இடுப்புக் கயிறும் கலயமுமாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பனையே இல்லாத இடத்தில் ஒரு பனையேறி. என் தாத்தா செய்த தொழில் அது. படத்தில் அந்த மனிதர் கேமராவைப் பார்க்கும் பார்வையை என்னால் ரசிக்க முடியவில்லை.

நிறத்தையும் நம்ப முடியாது. அன்றைய அட்டைகளில் ஏராளமானவை ஜெர்மனியில் அச்சானவை. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு அங்கே உட்கார்ந்து வண்ணம் ஏற்றியவர்கள் மதராஸைப் பார்த்ததே கிடையாது. அவர்கள் தீட்டிய பச்சைப் புடவையை வைத்து அந்தக் காலப் பெண்கள் இப்படித்தான் உடுத்தினார்கள் என்று எழுதுவதா? பகலில் எடுத்த படத்தை இருட்டாக்கி, நிலாவையும் வரைந்து, இரவுக் காட்சி என்று விற்ற வழக்கமும் உலகம் முழுக்க இருந்தது.

---

கரிசல்_கார்டு

நிலா, நீங்கள் சொல்வதில் ஒரு சொல்லைக்கூட மறுக்க மாட்டேன். இனம் பிரித்துக் காட்டும் அந்த வரிசைகளை நானும் அதே வருத்தத்தோடுதான் பார்க்கிறேன்.

ஆனால் எடுத்தவர் எதைக் காட்ட நினைத்தாரோ அதை மட்டும்தான் நாம் பார்க்க வேண்டுமா? மசூலா படகு அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். மதராஸுக்குச் சரியான துறைமுகம் இல்லாத காலத்தில், கப்பல் தூரத்தில் நிற்கும், அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தது இந்தப் படகு. படமெடுத்தவருக்கு அது விநோதம். உருப்பெருக்கி வைத்துப் பலகையின் விளிம்பைப் பாருங்கள். ஆணி கிடையாது. பலகையோடு பலகையைக் கயிற்றால் தைத்திருக்கிறார்கள். அலை தூக்கி அடிக்கும்போது ஆணி அடித்த படகு பிளந்துவிடும், தைத்த படகு வளைந்து கொடுக்கும். அந்தத் தையலின் இடைவெளி, முடிச்சு, துடுப்பின் நீளம் எல்லாம் அட்டையில் எண்ணிப் பார்க்கும் அளவுக்குத் தெளிவாக இருக்கின்றன. விநோதம் காட்ட எடுத்தவர் அறியாமலே நம் தச்சர்களின் வேலையைப் பதிந்து வைத்துவிட்டார்.

வண்ணத்தை விட்டுவிடலாம். புடவை கட்டியிருக்கும் விதத்தை விட வேண்டாமே. கொசுவம் எந்தப் பக்கம், முந்தானை எந்தத் தோளில் என்பதை ஜெர்மன்காரர் தீட்டவில்லை.

---

மலையகத்தாள் (ஹட்டன்)

நிலா அக்காவின் கோபம் என் கோபமும்தான்.

கொழும்பில் 1890இல் தொடங்கிய பிளாட்டே கம்பெனியும் வேறு பலரும் தேயிலைத் தோட்ட அட்டைகளை அச்சடித்துத் தள்ளினார்கள். கொழுந்து பறிக்கும் பெண்கள் வரிசையாக நிற்பார்கள், தமிழ்க் கூலிகள் என்று ஆங்கிலத்தில் கீழே எழுதியிருக்கும். கப்பலில் வந்து ஒரு நாள் தங்குகிறவர் வாங்கிப்போக அழகான பொருள். அந்த அழகில் தொழிலாளர்கள் குடியிருந்த லயமும் இல்லை, அட்டைப்பூச்சி கடித்த காலும் இல்லை, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களமும் இல்லை.

என் கொள்ளுப்பாட்டி மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டுத் தலைமன்னார் வழியாக வந்தவர். அவருடைய படம் எங்களிடம் ஒன்றுகூட இல்லை. ஆகவே அந்த அட்டைகளை வெறுத்து ஒதுக்கவும் என்னால் முடியவில்லை. அவரும் அந்த வரிசைகளில் எங்கோ நின்றிருக்கலாம் என்ற எண்ணம் விடுவதில்லை. கூடைக் கயிறு தலையில் எங்கே பதிகிறது, இடுப்பில் சாக்குப் படங்கு எப்படிச் சுற்றியிருக்கிறது, காதில் என்ன, மூக்கில் என்ன என்று ஒவ்வொரு பெண்ணாகப் பார்ப்பேன். படத்தின் ஓரத்தில் கோட்டும் தலைப்பாகையுமாக, வேலை வாங்கும் கங்காணி நிற்பார். அவர் நிற்கும் இடத்தையும் பெண்கள் பார்க்கும் திசையையும் பார்த்தாலே தோட்டத்தின் கதை பாதி தெரிந்துவிடும்.

பின்பக்கத்தில் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்திருக்கிறேன். பயணம் சுகம், இங்கே தேநீர் நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். முன்பக்கத்தில் பன்னிரண்டு பெண்கள். அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதுவும் ஒரு சாட்சிதான் என்று நினைக்கிறேன்.

---

நெய்தல்நிலா

தங்கை, உங்கள் கடைசி வரிகளை இரண்டு முறை படித்தேன். படத்தையும் எழுத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த மௌனம் தெரிகிறது. பின்பக்கம் வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. சாட்சி என்று எடுத்துக்கொள்வதாக இருந்தால், குறுக்கு விசாரணையும் செய்ய வேண்டும். அவ்வளவுதான் என் பக்கம்.

---

அல்லிக்கேணி (சென்னை)

நிகழ்ச்சிகளைக் காட்டும் அட்டைகளைப் பற்றி யாரும் பேசவில்லையே. எம்டன் அட்டைகளைச் சொல்கிறேன்.

1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் மதராஸ் துறைமுகத்தின் மேல் குண்டு வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. சில நிமிடங்களில் கப்பல் திரும்பிப் போய்விட்டது, நகரம் மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது. ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ரயிலடிக்கு ஓடினார்கள். புகை கக்கும் தொட்டிகளின் படம் அட்டையாகவும் விற்பனைக்கு வந்தது. நவம்பர் 9ஆம் தேதி கோகோஸ் தீவுகள் அருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற கப்பல் எம்டனை அடித்து நொறுக்கியதும், கரைதட்டிக் கிடந்த அதன் எலும்புக்கூடும் அட்டையானது. ஜெர்மனியிலோ அதே எம்டன் வீரக்கப்பல், கேப்டன் முல்லர் முகம் போட்ட அட்டைகள். ஒரே கப்பல், மூன்று ஊரில் மூன்று கதை.

எங்கள் வீட்டில் இருப்பது படம் எதுவும் இல்லாத கால் அணா கார்டு. என் பாட்டனாரின் தகப்பனார் பீச் பக்கம் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. ஆனந்த வருஷம் புரட்டாசி மாதம், அதாவது அதே 1914இல், கும்பகோணத்துக்கு எழுதியிருக்கிறார். மேலே பிள்ளையார் சுழி, க்ஷேமம், அப்புறம் நேராக விஷயம். தான் நலம், ஆபீஸ் நடக்கிறது, அதனால் தன்னால் கிளம்ப முடியாது, குழந்தைகளைத் தீபாவளி வரை அங்கேயே வைத்துக்கொள்ளவும், மண்ணெண்ணெய் கிடைக்கும்போதே இரண்டு டின் வாங்கிப் போடவும். குண்டு, கப்பல், ஜெர்மனி என்ற பேச்சே இல்லை. தொட்டி எரிந்தது அவருக்கு மண்ணெண்ணெயாகத்தான் கணக்கில் வந்திருக்கிறது.

எரியும் தொட்டியின் படமும் இந்தக் கார்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் அந்த வாரம் எனக்குப் புரிகிறது.

---

செட்டிநாட்டுப்_பேரன் (காரைக்குடி)

ஐயா, நீங்கள் சொன்ன கால் அணா கார்டுதான் நம் ஜனங்களின் உண்மையான அட்டை. படக்கார்டு வாங்க நம்மவர்களில் எத்தனை பேருக்குக் கையில் காசு இருந்தது?

உலகத்தின் முதல் தபால் அட்டை 1869 அக்டோபர் 1ஆம் தேதி ஆஸ்திரியா-ஹங்கேரியில் வந்தது. இந்தியாவில் 1879 ஜூலை 1. விலை கால் அணா. வியாபாரிகளுக்கு அது பெரிய வரம். பர்மா 1937 வரை பிரிட்டிஷ் இந்தியாவோடு சேர்ந்தே இருந்ததால் ரங்கூனுக்கும் உள்நாட்டுக் கார்டே போதும். எங்கள் வீட்டுப் பரணில் இருந்த கட்டுகளில் பாதி ரங்கூன், மௌல்மேன் கார்டுகள். அரிசி விலை, வட்டி, யார் கணக்கில் எவ்வளவு, எந்தக் கப்பலில் யார் வருகிறார், கடைசி வரியில் ஆத்தாளுக்குக் கண் எப்படி இருக்கிறது. திறந்த கார்டில் எல்லோரும் படித்துவிடுவார்களே என்று தொகை வரும் இடத்தில் மட்டும் குறிப்பாக எழுதியிருப்பார்கள்.

இடம் மிச்சம் பிடித்த விதம்தான் என்னை அசத்துகிறது. வரிகள் முடிந்ததும் கார்டைத் திருப்பி ஓரத்தில் செங்குத்தாக ஒரு வரி, பிறகு தலைகீழாக ஒரு வரி, விலாசத்துக்குப் பக்கத்திலும் கொஞ்சம். மிக அவசரமான செய்தி பெரும்பாலும் அந்த ஓர வரியில்தான் இருக்கும்.

---

அல்லிக்கேணி

தம்பி, அந்தக் கட்டில் சாவுச் செய்தி எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தீர்களா?

---

செட்டிநாட்டுப்_பேரன்

ஒன்றுகூட இல்லை ஐயா. நீங்கள் கேட்ட பிறகுதான் உறைக்கிறது. மூலையில் மஞ்சள் தடவிய கல்யாணக் கார்டுகள் இருக்கின்றன. குழந்தை பிறந்தது, சடங்கு, வீடு குடிபுகுவது எல்லாம் இருக்கின்றன.

---

அல்லிக்கேணி

இருக்காது. ஓரத்தில் கறுப்பு மை தடவி வரும் கருமாதிக் கார்டை வாசலிலேயே படித்துவிட்டுக் கிழித்துப் போட்டுவிடுவார்கள். வீட்டுக்குள் கொண்டுவர மாட்டார்கள். ஆகவே எந்தக் குடும்பத்துக் கட்டை எடுத்தாலும் அதில் யாரும் சாவதே இல்லை. பிறப்பார்கள், கல்யாணம் செய்வார்கள், பணம் அனுப்புவார்கள், திடீரென்று ஒரு கையெழுத்து நின்றுபோகும். பிறகு அதே விலாசத்திலிருந்து வேறொரு கை எழுதும். இதைத் தெரிந்துகொள்ளாமல் கார்டுகளை வைத்து ஒரு குடும்பத்தின் வரலாறு எழுதினால் தவறாகத்தான் போகும். நிலா அம்மா சொன்ன குறுக்கு விசாரணை நம் சொந்தக் கார்டுக்கும் வேண்டும்.

---

புதுவையான் (புதுச்சேரி)

பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன அட்டைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் புஷ்புஷ் வண்டி இருந்தது. பின்னால் இருந்து ஆட்கள் தள்ளுவார்கள், முன்னால் உட்கார்ந்திருப்பவர் கையில் திசை திருப்பும் பிடி இருக்கும். அட்டைகளில் அதைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். மதுரை மிஷன் என்ற பெயரில் சேசு சபைப் பாதிரியார்கள் அச்சிட்டு பிரான்ஸில் பரப்பிய வரிசை தனி. நன்கொடை திரட்ட அச்சிட்டதால் அனாதைப் பிள்ளைகளும் பள்ளிக்கூடமுமாக இருக்கும், ஆனாலும் அந்தக் கிராமத்துத் தெருக்களை வேறு யார் படமெடுத்தார்கள்?

---

வைகைக்கரை_மாணவி (மதுரை)

அனைவருக்கும் வணக்கம். இழையை ஒரே மூச்சில் படித்தேன். எங்கள் ஆச்சி வீட்டு டிரங்குப் பெட்டியில் ஒரு கட்டுக் கார்டு கிடைத்தது. சணல் கயிற்றில் கட்டி, ரச கற்பூரம் போட்டு வைத்திருக்கிறார். இரண்டு கேள்வி.

ஒன்று, இவற்றை லேமினேட் செய்யலாமா?

இரண்டு, ஒரு கார்டில் துந்துபி வருஷம் ஐப்பசி என்று இருக்கிறது. அறுபது வருடச் சுற்று என்பதால் 1922ஆ 1982ஆ என்று தெரியவில்லை. முத்திரை மை பரவியிருக்கிறது.

---

கரிசல்_கார்டு

அம்மா, லேமினேட் வேண்டவே வேண்டாம். சூட்டில் ஒட்டிக்கொண்டால் பிறகு பிரிக்க முடியாது, மையும் போய்விடும். செலோ டேப், பசை எதுவும் கூடாது. சணல் கயிற்றை எடுத்துவிடுங்கள், ஓரத்தை அறுக்கும். அமிலமில்லாத காகித உறையிலோ பாலியெஸ்டர் உறையிலோ ஒவ்வொன்றாகப் போட்டுக் காற்றோட்டமான அலமாரியில் வையுங்கள். குறிப்பு எழுத வேண்டுமானால் உறையின் மேல் பென்சிலால் எழுதிவிட்டு அப்புறம் கார்டை உள்ளே வையுங்கள். கட்டில் எந்த வரிசையில் இருந்தனவோ அதைக் குறித்துவிட்டுப் பிரியுங்கள். ஆச்சி தேதிப்படி அடுக்கியிருக்கலாம், ஆள்படியும் அடுக்கியிருக்கலாம், அதுவும் ஒரு தகவல். இரண்டு பக்கத்தையும் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து யார், எவர் என்று சொல்வதைப் பதிவு செய்துகொள்வது அதைவிட அவசரம்.

வருஷத்துக்கு, கார்டில் அச்சிட்டிருக்கும் தலையைப் பாருங்கள். ராஜா தலையா, காசு என்று அச்சா?

---

வைகைக்கரை_மாணவி

ராஜா தலைதான் ஐயா, தாடியோடு. கால் அணா என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆனால் பக்கத்தில் இன்னொரு கால் அணா ஸ்டாம்பைத் தனியாக ஒட்டியிருக்கிறார்கள். கால் அணா கார்டுக்கு எதற்கு இன்னொரு கால் அணா?

---

மவுண்ட்ரோடு_வாசி

தங்கை, உங்கள் விடை அந்த ஸ்டாம்பில்தான் இருக்கிறது. நாற்பது ஆண்டுக்கு மேல் கால் அணாவாகவே இருந்த கார்டு விலையை 1922 ஏப்ரலில் அரை அணாவாக உயர்த்தினார்கள். வீட்டில் வாங்கி வைத்திருந்த பழைய கார்டை வீணாக்காமல் குறைந்த காசுக்கு ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பியிருக்கிறார். 1922 ஐப்பசி, சந்தேகமே இல்லை. இரண்டு பக்கத்தையும் இங்கே ஏற்றுங்கள். என்ன எழுதியிருக்கிறார்?

---

வைகைக்கரை_மாணவி

இன்று இரவு ஏற்றுகிறேன் அண்ணா. படித்த வரைக்கும், ஒரு ஜோடி உழவு மாடு விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா என்று தம்பியைக் கேட்டிருக்கிறார். ஓரத்தில் செங்குத்தாக ஒரு வரி இருக்கிறது. அதை இன்னும் படிக்க முடியவில்லை.

---

செட்டிநாட்டுப்_பேரன்

ஓர வரியை முதலில் ஸ்கேன் செய்யுங்கள். பழைய கையெழுத்து எனக்குப் பழக்கம், படித்துச் சொல்கிறேன்.